ஒரே வட்டு, பல பெயர்கள்: இயங்குதளப் பதிப்புகளின் பின்கதவு வரலாறு

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி ஜவ்வாது மலை. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. சாமை, தேன், புளி, பலா என்று மலைவிளைபொருட்களுக்குப் பெயர் போன இடம். இங்குள்ள காவலூரில்தான் வைனு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் விட்டமுள்ள அதன் பெரிய தொலைநோக்கி 1986-ல் திறந்து வைக்கப்பட்டது. அதே மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றி மலையாளி பழங்குடி மக்களின் ஊர்களும், அவர்களின் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளும் இருக்கின்றன.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. முதல் ஆண்டுக்கு மட்டும் 9.12 லட்சம் கணினிகள், 912 கோடி ரூபாய் என்று பட்ஜெட்டில் சொல்லப்பட்டது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கான திட்டம் என்பதால் மலையில் படித்த பிள்ளைகளும் அதற்குள் வந்தார்கள். பல வீடுகளுக்கு அதுதான் முதல் கணினி.

ஆரம்பத்தில் வந்த மடிக்கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். இன்னொன்று, மைக்ரோசாப்டின் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். இந்த ஸ்டார்ட்டரில் ஒரு வேடிக்கை உண்டு. திரையின் பின்னணிப் படத்தை மாற்ற முடியாது! பாட்டு கேட்கலாம், படம் பார்க்கலாம், நிரல் எழுதலாம். ஆனால் தன் ஊர்ப் படத்தை டெஸ்க்டாப்பில் வைக்க முடியாது. இரண்டாவது திரையை இணைத்து நீட்டிக்கவும் முடியாது.

கணினிக்கு அந்தச் சக்தி இல்லையா? இருந்தது. பக்கத்திலேயே இருந்த பாஸ் லினக்ஸில் அதே கணினி இதையெல்லாம் செய்தது. அப்படியானால் தடுத்தது எது? இந்தக் கேள்விக்கான பதில், கணினி வரலாற்றின் ஒரு சுவாரசியமான மூலைக்கு அழைத்துப் போகும். "பதிப்பு" என்று ஆங்காங்கே எழுதப்பட்டிருக்கிறதே (ஸ்டார்ட்டர், ஹோம், புரொபஷனல், சர்வர்), அவை உண்மையில் எவ்வளவு தூரம் வேறு வேறு? அதைக் கண்டுபிடிக்க சிலர் நிறுவனம் வெளியே சொல்லாத கதவுகளைத் திறந்து பார்த்தார்கள். அந்தக் கதைதான் இது.

தரை டிக்கெட்டும் சேர் டிக்கெட்டும்

பழைய டூரிங் டாக்கீஸை நினைத்துப் பாருங்கள். தரை, பெஞ்ச், சேர் என்று மூன்று டிக்கெட். ஓடுவது ஒரே படம்தான். திரையும் ஒன்றுதான். உட்காரும் இடத்துக்குத்தான் காசு.

இதையே இன்னும் கறாராகச் சொன்னவர் பிரான்ஸ் நாட்டுப் பொறியாளர் ஜூல் துப்புயி. அந்தக் காலத்து ரயில்களில் மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை கிடையாது. கூரை போடப் பெரிய செலவு ஆகும் என்பதால் அல்ல. கூரை போட்டுவிட்டால் இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்கக்கூடியவரும் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடுவார் என்பதால்தான் என்று அவர் 1849-லேயே எழுதிவிட்டார். ஏழையை வருத்துவது நோக்கமல்ல, பணமுள்ளவரைப் பயமுறுத்துவதுதான் நோக்கம் என்பது அவர் வாதம்.

கணினி உலகிலும் இது நடந்தது. 1991-ல் இன்டெல் 486எஸ்எக்ஸ் என்ற சில்லை விற்றது. முழு 486 சில்லில் இருந்த கணிதப் பகுதி இதில் வேலை செய்யாதபடி முடக்கப்பட்டிருந்தது. "கணித வசதி வேண்டும்" என்பவர்களுக்காக 487எஸ்எக்ஸ் என்று இன்னொரு சில்லு தனியாக விற்கப்பட்டது. அது துணைச் சில்லு அல்ல, முழு 486-ஏதான். அதைச் செருகியதும் பழைய சில்லை முழுவதுமாக ஓரங்கட்டிவிட்டு எல்லா வேலையையும் தானே செய்தது!

பொருளாதாரத்தில் இதற்குப் பெயரே இருக்கிறது: சேதப்படுத்தப்பட்ட சரக்கு. நல்ல சரக்கைத் தயாரித்துவிட்டு, அதன் ஒரு பகுதியை வேண்டுமென்றே முடக்கிக் குறைந்த விலைக்கு விற்பது. மென்பொருளில் இது இன்னும் சுலபம். சில்லை முடக்கக் கொஞ்சமாவது உழைக்க வேண்டும். மென்பொருளில் ஒரு வரி போதும்.

சொல்லாமல் விட்ட கதவுகள்

ஒரு இயங்குதளம் மற்ற மென்பொருள்களுக்குச் சில சேவைகளைத் தருகிறது. கோப்பைத் திற, நினைவகம் கொடு, திரையில் எழுது என்று. இவற்றை எப்படிக் கேட்பது என்று நிறுவனம் கையேட்டில் எழுதித் தரும். அவை ஆவணப்படுத்தப்பட்ட இடைமுகங்கள். கையேட்டில் இல்லாத, ஆனால் உள்ளே இருக்கும் கதவுகளும் உண்டு. அவைதான் ஆவணப்படுத்தப்படாத இடைமுகங்கள்.

இப்படி ஒளிந்திருப்பதெல்லாம் சதி என்று நினைத்துவிடக் கூடாது. கையேட்டில் எழுதிவிட்டால் அதை வருடக்கணக்கில் மாற்றாமல் காப்பாற்ற வேண்டும். அதனால் நாளை மாறலாம் என்று தோன்றுவதை நிறுவனங்கள் எழுதாமல் விடும். நியாயமான காரணம்தான். ஆனால் அதே நிறுவனம் அந்தக் கதவைத் தன் சொந்த மென்பொருளுக்கு மட்டும் பயன்படுத்தினால்?

டாஸ் காலத்தில் அது நடந்தது. ஒரு வேலை நடக்கும்போதே பின்னணியில் அச்சடிக்கும் பிரிண்ட் கட்டளை டாஸுடன் வந்தது. டாஸ் இப்போது வேலையில் இருக்கிறதா, ஓய்வாக இருக்கிறதா என்று தெரிந்தால்தான் பின்னணி நிரல் பத்திரமாக ஓட முடியும். அதைச் சொல்லும் ஒரு கொடி உள்ளே இருந்தது. பிரிண்ட் அதைப் பயன்படுத்தியது, கையேடு அதைச் சொல்லவில்லை. வெளியாட்கள் குடைந்து பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். ஆண்ட்ரூ ஷுல்மன் முதலானோர் இவற்றையெல்லாம் தொகுத்து 1990-ல் "அன்டாக்குமென்டட் டாஸ்" என்ற புத்தகமாகவும், 1992-ல் "அன்டாக்குமென்டட் விண்டோஸ்" என்ற புத்தகமாகவும் வெளியிட்டார்கள். அந்தத் தலைமுறை நிரலர்களிடம் இவை பிரபலம்.

இன்னொரு சம்பவம் நீதிமன்றம் வரை போனது. 1991 கடைசியில் சோதனைக்கு வெளியிடப்பட்ட விண்டோஸ் 3.1-க்குள் ஒரு மறைத்துவைத்த நிரல்துண்டு இருந்தது. கீழே ஓடுவது மைக்ரோசாப்டின் டாஸ்தானா, போட்டி நிறுவனத்தின் டிஆர்-டாஸா என்று அது வேவு பார்த்தது. வேறு டாஸ் என்றால் பயமுறுத்தும் பிழைச்செய்தி காட்டியது. ஜெஃப் சாப்பல் என்ற நிரலர் 1992-ல் இதைக் கண்டுபிடித்தார். ஷுல்மன் 1993-ல் விரிவாக எழுதினார். டிஆர்-டாஸை வாங்கிய கால்டெரா நிறுவனம் 1996-ல் வழக்குப் போட்டது. 2000 ஜனவரியில் பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது மைக்ரோசாப்ட்.

1996: ஒரு சொல் மாறினால் சர்வர்

இனி முக்கியமான கட்டம். 1996-ல் விண்டோஸ் என்.டி 4.0 வந்தது. அதில் இரண்டு பதிப்புகள். மேசைக்கணினிக்கு வொர்க்ஸ்டேஷன், பெரிய வேலைக்கு சர்வர். இரண்டுக்கும் விலையில் பல நூறு டாலர் வித்தியாசம்.

அது இணையம் வெடித்துப் பரவிய நேரம். நெட்ஸ்கேப், ஓ'ரெய்லி போன்ற நிறுவனங்கள் இணையச் சேவையக மென்பொருள் விற்றன. அவற்றை மலிவான வொர்க்ஸ்டேஷன் மேல் ஓட்டினாலே போதும். ஆனால் சோதனை வெளியீட்டில் மைக்ரோசாப்ட் ஒரு தடை போட்டது. பத்து நிமிடத்துக்குள் பத்து வெவ்வேறு முகவரிகளுக்கு மேல் வொர்க்ஸ்டேஷனுடன் தொடர்புகொள்ள முடியாது. இணையதளம் நடத்த வேண்டுமா, சர்வர் வாங்கு. சர்வர் வாங்கினால் மைக்ரோசாப்டின் சொந்த இணையச் சேவையகம் இலவசமாகக் கூடவே வரும். அப்புறம் நெட்ஸ்கேப்பிடம் யார் வாங்குவார்கள்?

எதிர்ப்பு கிளம்பியது. நிரலில் இருந்த தடையை மைக்ரோசாப்ட் எடுத்துவிட்டது. ஆனால் உரிம ஒப்பந்தத்தில் பத்து என்ற எண்ணை விடவில்லை. இரண்டும் தொழில்நுட்பத்திலேயே வேறு வேறு பொருட்கள், வெவ்வேறு வேலைக்காகச் செய்யப்பட்டவை என்பது நிறுவனத்தின் விளக்கம்.

மார்க் ருசினோவிச் என்ற இளைஞர் இதைச் சோதித்துப் பார்த்தார். என்.டி-யின் உள்பாகங்களைக் குடைந்து பார்ப்பதில் கெட்டிக்காரர். அவர் கண்டது இதுதான். இரண்டு பதிப்பிலும் கெர்னல் ஒன்றே. கணினி தொடங்கும்போது ரெஜிஸ்ட்ரியில் "புராடக்ட் டைப்" என்ற ஓரிடத்தை அது படிக்கிறது. அங்கே ஒரு சொல் இருக்கும். அந்தச் சொல்லைப் பார்த்து "நான் வொர்க்ஸ்டேஷன்" அல்லது "நான் சர்வர்" என்று முடிவு செய்துகொண்டு, நினைவகத்தை எப்படிப் பங்கிடுவது, எத்தனை வேலையாட்களை வைத்துக்கொள்வது என்பது போன்ற உள் அளவுகளை அதற்கேற்ப அமைத்துக்கொள்கிறது. அந்தக் குறியை மாற்றிவிட்டால் வொர்க்ஸ்டேஷன் தன்னை சர்வர் என்றே நம்பி நடந்துகொண்டது. இதை 1996 செப்டம்பரில் ஷுல்மன் கட்டுரையாக எழுத, ஓ'ரெய்லி வெளியிட்டது.

இதில் இன்னும் சுவையான விஷயம், அந்த இடத்துக்குப் போட்டிருந்த காவல். என்.டி 4.0 ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது அந்தச் சொல்லை மாற்றினால், கெர்னலுக்குள் இருக்கும் காவலாள் உடனே பழையபடி மாற்றிவிடும். "உரிமத்தை மீறுகிறீர்கள்" என்று எச்சரிக்கையும் காட்டும். போதாததற்கு, அதே தகவலின் இன்னொரு நகல் வேறொரு இடத்தில் எண்களுக்குள் மறைத்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

ஆனால் காவலாள் விழித்திருந்தால்தானே காவல்? இயங்குதளம் ஓடாத நேரத்தில் ரெஜிஸ்ட்ரி என்பது வன்தகட்டில் கிடக்கும் வெறும் கோப்பு. இன்னொரு இயங்குதளத்திலிருந்து அந்தக் கோப்பைத் திறந்தால் தடுக்க ஆள் கிடையாது. ஓடும் இயங்குதளத்தை மாற்றுவதைவிட, தூங்கும் பிம்பத்தை மாற்றுவது எளிது. இந்த உண்மை பின்னால் வரும் எல்லாக் கதைகளுக்கும் அடிப்படை.

மைக்ரோசாப்டின் பதிலையும் சொல்லிவிட வேண்டும். சர்வருடன் கூடுதல் மென்பொருள்கள் வருகின்றன, அந்த வேலைக்காகச் சோதிக்கப்பட்டிருக்கிறது, ஆதரவும் உரிமமும் வேறு என்றது. பொய்யில்லை. ஆனால் "உள்ளேயே வேறு பொருள்" என்ற வாதம் அதற்குப் பிறகு நிற்கவில்லை. ருசினோவிச்சின் நிறுவனத்தை 2006-ல் மைக்ரோசாப்டே வாங்கிக்கொண்டது. அவர் பின்னாளில் அங்கே அஸூர் பிரிவின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியானார். கதவைத் தட்டியவரையே வீட்டுக்குள் அழைத்துக்கொண்டார்கள்.

எக்ஸ்பி, ஸ்டார்ட்டர்

2001-ல் வந்த எக்ஸ்பியில் ஹோம், புரொபஷனல் என்று பிரிவு. 2005-ல் ஜெர்மனியின் பிரபலமான கணினி இதழ் ஒன்று ஒரு செய்முறையை வெளியிட்டது. எக்ஸ்பி ஹோமின் நிறுவல் வட்டை நகலெடுத்து, அதில் ரெஜிஸ்ட்ரிக்கான விதைக் கோப்பில் ஒரு சில பைட்டுகளை மட்டும் மாற்றிவிட்டு நிறுவினால், புரொபஷனலின் சில வசதிகள் வந்துவிடும். எல்லாம் வராது. ஆனால் வந்தவை புதிதாக எங்கிருந்தும் கொண்டுவரப்பட்டவை அல்ல, ஹோம் வட்டிலேயே இருந்தவை. மீண்டும் அதே பாடம்: தூங்கும் பிம்பம்.

இதே நேரத்தில் மைக்ரோசாப்ட் இன்னும் கீழே ஒரு படி கட்டியது. 2004-ல் தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா, ரஷ்யா, இந்தியா ஆகிய நாடுகளுக்கென்று எக்ஸ்பி ஸ்டார்ட்டரை அறிவித்தது. ஒரே நேரத்தில் மூன்று நிரல்களுக்கு மேல் திறக்க முடியாது. நான்காவதைத் திறந்தால் ஒன்றை மூடச் சொல்லும். வீட்டு வலையமைப்பும் கிடையாது. கணினிக்குப் புதியவர்கள் குழம்பக் கூடாது என்று காரணம் சொல்லப்பட்டது. திருட்டு விண்டோஸ் பரவிக்கிடந்த நாடுகளில், குறைந்த விலைக்கு ஏதாவது ஒன்று கொடுத்தாக வேண்டும். ஆனால் அதைப் பார்த்துப் பணக்கார நாட்டுக்காரர் ஆசைப்படவும் கூடாது. துப்புயியின் கூரையில்லாத பெட்டிதான் இதுவும்.

விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரில் மூன்று நிரல் கட்டுப்பாடு 2009-ல் வெளியீட்டுக்கு முன்பே கைவிடப்பட்டது. பின்னணிப் படத்துக்கான தடை மட்டும் தங்கிவிட்டது. அதுதான் மலைக்கு வந்த மடிக்கணினியில் இருந்தது.

பின்கதவு முன்கதவான கதை

2007-ல் விஸ்டா வந்தபோது மைக்ரோசாப்ட் ஒரு பெரிய மாற்றம் செய்தது. நிறுவல் வட்டில் தனித்தனிக் கோப்புகளுக்குப் பதில் "விம்" என்ற ஒரே பிம்பக் கோப்பு. அதற்குள் பல பதிப்புகள் இருக்கும். எல்லாப் பதிப்பிலும் பொதுவாக உள்ள கோப்பு ஒரே ஒரு முறைதான் சேமிக்கப்படும். அதனால் ஹோமும் அல்டிமேட்டும் ஒரே வட்டில் அடங்கின. நீங்கள் தட்டும் சாவி எண்தான் எது நிறுவப்படும் என்பதைத் தீர்மானிக்கும்.

விண்டோஸ் 7 வட்டில் "இஐ.சிஎஃப்ஜி" என்று சில வரிகள் மட்டுமே உள்ள சின்ன உரைக்கோப்பு ஒன்று இருந்தது. எந்தப் பதிப்பை நிறுவ வேண்டும் என்று அது சொல்லும். அதை நீக்கிவிட்டால், எந்தப் பதிப்பு வேண்டும் என்று நிறுவியே கேட்கும்! சாவி இல்லாமல் பதிப்பை முறைப்படி இயக்க முடியாது என்பது வேறு விஷயம். ஆனால் 1996-ல் மறைத்து, காவல் போட்டு வைத்திருந்த ரகசியம், 2009-ல் எவரும் திறந்து படிக்கக்கூடிய உரைக்கோப்பாகிவிட்டது.

அதோடு நிற்கவில்லை. "டிஸ்ம்" என்ற கருவியை மைக்ரோசாப்டே கொடுத்தது. தூங்கும் பிம்பத்தை ஒரு கோப்புறையில் விரித்துவைத்து, அதை எந்தெந்தப் பதிப்பாக மாற்றலாம் என்று கேட்கலாம், மாற்றவும் சொல்லலாம். கையேட்டிலேயே உள்ள கட்டளைகள் இவை. எதிலிருந்து எதற்கு மாறலாம் என்ற அட்டவணைகூட விண்டோஸ் கோப்புறைக்குள் ஒரு கோப்பாக இருக்கிறது. ஒரே நிபந்தனை, மேலே ஏறலாம், கீழே இறங்க முடியாது.

பயனருக்கு இதன் முகம் "எனிடைம் அப்கிரேட்". ஸ்டார்ட்டரிலிருந்து ஹோம் பிரீமியத்துக்கு மாற அமெரிக்காவில் 79.99 டாலர். வட்டு தேவையில்லை, பத்தே நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதுதான் விளம்பரம். ஏன் பத்து நிமிடம்? எல்லாமே ஏற்கனவே வன்தகட்டில் கிடக்கிறது என்பதால்! பின்னணிப் படத்தை மாற்றும் வசதி அந்தக் கணினிக்குள் முதல் நாளிலிருந்தே இருந்தது. பணம் கொடுத்து வாங்கியது வசதியை அல்ல, அனுமதியை.

டிஸ்ம் என்பதும் முன்னறைதான். அதன் பின்னால் உண்மையான வேலையைச் செய்வது விண்டோஸின் பராமரிப்பு அடுக்கு. பொதிகளைச் சேர்ப்பது, நீக்குவது, பதிப்பின் பெயரை மாற்றுவது எல்லாம் அங்கேதான். அந்த அடுக்குடன் நேரடியாகப் பேசும் இடைமுகங்களை மைக்ரோசாப்ட் வெளியாருக்கு ஆவணப்படுத்தவில்லை. ஆர்வலர்கள் அவற்றையும் துருவுகிறார்கள். ஆவணம் இல்லாத பாதையில் போனால் ஆபத்தும் உண்டு. அடுத்த புதுப்பிப்பில் அந்தக் கதவு இடம் மாறியிருக்கலாம். பாதி ஹோமாகவும் பாதி புரொபஷனலாகவும் நிற்கும் கணினிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் ஒழுங்காக வராமல் போகலாம்.

பூட்டில்லாத பக்கம்

தமிழ்நாட்டில் வேறொரு பாதையும் போட்டுப் பார்க்கப்பட்டது. 2006 முதல் 2008 வரையிலான காலத்தில் அரசு நிறுவனமான எல்காட், அதன் நிர்வாக இயக்குநராக இருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி சி. உமாசங்கரின் முயற்சியில், தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. பள்ளிகளுக்கான கணினிகளிலும் லினக்ஸ் போனது. 2007-ல் சி-டாக்கின் பாஸ் லினக்ஸ் வெளிவந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு, தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்காகச் செய்யப்பட்ட இயங்குதளம் அது.

பாஸிலும் பதிப்புகள் உண்டு. பள்ளிகளுக்கான எடுபாஸ் ஒன்று, சேவையகப் பதிப்பு ஒன்று. வித்தியாசம் என்னவென்றால், எந்தப் பொதிகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன என்பது மட்டும்தான். எடுபாஸ் வைத்திருப்பவர் ஒரு கட்டளையில் சேவையகப் பொதியைச் சேர்த்துக்கொள்ளலாம். காவலாளும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. மூலநிரல் திறந்திருப்பதால் ஆவணப்படுத்தப்படாத இடைமுகம் என்ற பேச்சே பெரும்பாலும் எழாது. கையேட்டில் இல்லையா, நிரலைப் படித்துக்கொள்ளலாம்.

ஆனால் பாஸ் எல்லோர் மனதையும் வென்றுவிட்டது என்று சொல்வதும் சரியில்லை. கடையில், அலுவலகத்தில், நண்பன் வீட்டில் எங்கும் விண்டோஸ். வேலைக்குப் போனால் கேட்பதும் அதுதான். பூட்டில்லாத வீடு ஊருக்கு வெளியே இருந்தால் எத்தனை பேர் குடிபோவார்கள்?

நியாயமும் சட்டமும்

இரண்டு பக்கமும் பேச இடமிருக்கிறது.

மென்பொருள் செய்ய ஆகும் செலவு பெரியது, நகலெடுக்க ஆகும் செலவு ஒன்றுமில்லை. எல்லோருக்கும் ஒரே விலை வைத்தால் அது பெரிய கம்பெனிக்கு மலிவாகவும், மாணவருக்கு எட்டாததாகவும் இருக்கும். பதிப்புகள் இருப்பதால்தான் கீழ்விலை சாத்தியமாகிறது. தரை டிக்கெட் இருந்ததால்தான் கூலிக்காரரும் படம் பார்த்தார். இது ஒரு நியாயம்.

மறுபக்கம், தரை டிக்கெட் வாங்கியவருக்குத் தான் உட்கார்ந்திருப்பது தரை என்று தெரியும். ஸ்டார்ட்டர் வைத்திருந்த மாணவருக்குத் தன் கணினியால் முடியாததா, தனக்கு அனுமதி இல்லாததா என்று தெரியாது. கணினி என்றாலே இவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்துவிடுவார். அதுவும் முதல் கணினியாக இருந்துவிட்டால், அந்த எண்ணம் லேசில் போகாது. விலை வித்தியாசத்தைவிடப் பெரிய நஷ்டம் இது.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 52-வது பிரிவில் 1999-ல் சில உட்பிரிவுகள் சேர்க்கப்பட்டன. முறைப்படி வாங்கிய மென்பொருளின் செயல்பாட்டைக் கவனித்து, ஆராய்ந்து, சோதித்து அதன் அடிப்படைக் கருத்துகளைத் தெரிந்துகொள்வது உரிமை மீறல் ஆகாது. வேறு மென்பொருளுடன் இணைந்து இயங்க வைப்பதற்குத் தேவையான, வேறு வழியில் எளிதில் கிடைக்காத தகவலைப் பெறுவதற்கும் இடமுண்டு. ருசினோவிச் செய்தது போல உள்ளே எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வதை நம் சட்டம் குற்றமாகப் பார்க்கவில்லை. ஆனால் வாங்காத பதிப்பைப் பின்வழியில் எடுத்துப் பயன்படுத்துவது உரிம மீறல்தான். 2012-ல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமைகளை மீறும் எண்ணத்துடன் தொழில்நுட்பப் பூட்டுகளை உடைப்பதைத் தண்டனைக்குரியதாக்கியது. பார்ப்பது வேறு, எடுப்பது வேறு.

மொழிக்கும் ஒரு பூட்டு

ஸ்டார்ட்டர் விண்டோஸ் 7-உடன் முடிந்தது. 2012-ல் வந்த விண்டோஸ் 8-ல் அந்தப் பெயரே இல்லை. விண்டோஸ் 7-க்கான ஆதரவும் 2020 ஜனவரி 14-ல் நின்றுபோனது. ஆனால் அந்த வழக்கம் நிற்கவில்லை. விண்டோஸ் 8 முதல் "சிங்கிள் லாங்வேஜ்" என்று ஒரு பதிப்பு வந்தது. இந்தியாவில் கடைகளில் விற்கும் மடிக்கணினிகளில் பரவலாக இருப்பது இதுதான். விண்டோஸ் 11-லும் தொடர்கிறது. பெட்டியில் பெயரைப் பார்த்தாலும் யாரும் அர்த்தம் கேட்பதில்லை. அர்த்தம் இதுதான்: திரையில் காட்டப்படும் மொழி ஒன்றே ஒன்று. இன்னொரு காட்சி மொழியைச் சேர்த்து மாற்றி மாற்றிப் பயன்படுத்த உரிமம் இடம் தராது. தமிழில் தட்டச்சு செய்யலாம். ஆனால் ஆங்கிலத்தில் வந்த கணினியின் பட்டிகளைத் தமிழுக்கு மாற்றப் போனால், உங்கள் உரிமம் ஒரு மொழியைத்தான் அனுமதிக்கிறது என்ற செய்தி வந்து நிற்கும். வழக்கமான ஹோம் பதிப்பில் அந்தத் தடை இல்லை. இரண்டுக்கும் நடுவே இருப்பது, 1996-ல் பார்த்தது போலவே, பதிப்பின் பெயர்தான்.

பின்னணிப் படம் இல்லாவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது. ஆனால் ஆங்கிலம் சரியாக வராத ஒரு வீட்டில், அம்மாவோ அப்பாவோ கணினியைத் தொட நினைக்கும்போது மொழி குறுக்கே நிற்பது சின்ன விஷயமல்ல. அந்தச் சமயத்தில் "இந்தக் கணினியில் தமிழ் வராது" என்று சொல்லிவிடுவது சுலபம். வரும். வராமல் செய்யப்பட்டிருக்கிறது. இந்த வித்தியாசம் தெரிந்தவர், அடுத்த முறை கணினி வாங்கும்போது கடைக்காரரிடம் எந்தப் பதிப்பு என்று கேட்பார். பள்ளிக்கோ அரசுக்கோ வாங்குபவராக இருந்தால் ஒப்பந்தப்புள்ளியில் அந்த ஒரு வரியைச் சேர்ப்பார். பின்கதவுகளைத் திறந்து பார்த்தவர்கள் விட்டுப்போன உபயோகமான சொத்து, இலவச விண்டோஸ் அல்ல, அந்தக் கேள்விதான்.